கடலில் எட்டு, கொல்லையில் ஒன்று

தீவு கோல்ஃப் கிளப்புக்கு அச்சிட்ட வரலாறு உண்டு. அறுபத்து நான்கு பக்கம், கெட்டி அட்டை, முன்னட்டையில் தலைவர், பின்னட்டையிலும் தலைவர். தொடக்க விழா, முதல் கோப்பை, கோப்பை காணாமல் போனது, இரண்டாவது கோப்பை எல்லாம் தேதிவாரியாக இருக்கின்றன. கடல் வந்ததைப் பற்றி மட்டும் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரே வாக்கியம்: "இக்காலத்தில் மைதானத்துக்குக் கடற்காற்று மேலும் அருகிலிருந்து கிடைக்கலாயிற்று."

நடந்தது இதுதான். ஒன்பது குழி உள்ள மைதானம். முதலில் மூன்றாவது குழியைக் கடல் கொண்டுபோனது. நிர்வாகக் குழு கூடி அதைத் 'தற்காலிக ஈரம்' என்று அறிவித்தது. அடுத்த வருடம் நான்காவதும் ஐந்தாவதும் ஒரே வாரத்தில் போயின. கடலுக்குக் கண்டன நோட்டீஸ் அனுப்புவதா, எச்சரிக்கை நோட்டீஸ் அனுப்புவதா என்று குழு இரண்டு அமர்வுகள் விவாதித்தது. முகவரி தெரியாததால் நோட்டீஸ் கோப்பில் வைக்கப்பட்டது. கடைசியாக ஒன்பதாவது குழி ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே போனது. கிளப் கட்டடமும் கூடவே போனது. தலைவரின் நாற்காலியை மட்டும் நான்கு பேர் கழுத்தளவு தண்ணீரில் சுமந்து கரைசேர்த்தார்கள். தலைவர் அதில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது மிகை. அவர் அன்று மாலை வரை ஊரிலேயே இல்லை.

கிளப் ஒழிந்தது என்று தீவே நினைத்தது. எட்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்கும் அப்படி நினைத்தவர்களில் ஒருவன்தான்.

அவன் படகு இன்ஜின் பழுது பார்ப்பவன். அவன் அப்பா அந்த கிளப்பில் இருபத்திரண்டு வருடம் புல் வெட்டியவர். ஓய்வு பெற்ற அன்று கிளப் அவருக்கு மேற்படி வரலாற்றில் ஒரு பிரதியைப் பரிசளித்தது. இருபத்தேழாம் பக்கத்துப் புகைப்படத்தில் அப்பாவும் இருக்கிறார். தலைவர் கோப்பையை உயர்த்திப் பிடித்திருக்க, பின்னால் முழங்காலுக்குக் கீழே தெரிவது அப்பா.

அந்த முழங்கால்களில் இடது பக்கத்து முழங்கால் இப்போது மடங்குவதில்லை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு பக்கம் வாதம் அடித்துவிட்டது. வீட்டில் கழிப்பறை கிடையாது. தெருக்கோடியில் இருக்கும் பொதுக் கழிப்பறைக்கு, மெக்கானிக்கின் மனைவி எண்ணிப் பார்த்தபடி, நூற்று நாற்பத்தாறு எட்டு. அப்பாவை மெக்கானிக் தோளில் தாங்கிக்கொண்டு போவான். தெரு முழுக்க நலம் விசாரிக்கும். அப்பா எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்வதற்குள், பல நாட்களில், காரியம் கைமீறிவிடும்.

மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலேயே ஒரு நாள் சொன்னாள்: "மாமா தண்ணி குடிக்கறதில்ல. கவனிச்சீங்களா?"

"ஏன், தாகமில்லையாமா?"

"குடிச்சா போகணும்ல. செம்பை வச்சா வச்ச மாதிரியே இருக்கு. நேத்து கேட்டேன், 'வேணாம்மா, உங்க ரெண்டு பேருக்கும் வேலை கெடும்'ங்கறார்."

நிறையத் தண்ணீர் குடிக்கவில்லையென்றால் சிறுநீரகமும் போய்விடும் என்று டாக்டர் அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். கொல்லையில் ஒரு குழி தோண்டி, நாலு சுவர் எழுப்புவதென்று அன்றைக்கே முடிவாயிற்று. அனுமதி வாங்க மெக்கானிக் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனான்.

எழுத்தர் அம்மா வரைபடத்தை விரித்து, பிஸ்கட் தூளை ஊதிவிட்டு, ஒரு புள்ளியில் விரல் வைத்தார். "இங்க தோண்ட முடியாதுப்பா. இது ஒன்பதாவது குழி."

"எது மேடம்?"

"உங்க கொல்ல."

ஒன்பதாவது குழி கடலில் போன அன்று மாலையே குழு கூடியிருக்கிறது. 'கடல் பின்வாங்கும் வரை' அதை மேற்கே நூற்றெண்பது எட்டு தள்ளி வைப்பது என்று தீர்மானம். தலைவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து, காம்பஸ் முனையால் ஒரு குத்து குத்தினார். அந்தக் குத்து மெக்கானிக் வீட்டுச் சமையலறைச் சுவருக்கும் துணி காயப்போடும் கயிற்றுக்கும் நடுவே விழுந்தது. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பும் ஒட்டியிருக்கிறார்கள், கிளப் கட்டடத்து அறிவிப்புப் பலகையில். அந்தக் கட்டடம் கடலுக்குள் போய் அப்போது ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

"கிளப்பே இல்லையே மேடம்."

"இல்லன்னு கிளப் லெட்டர்ல எழுதி, செயலாளர் கையெழுத்தோட வாங்கிட்டு வாங்க. நான் உடனே அனுமதி போட்டுத் தரேன்."

"இல்லாத கிளப் எப்படி மேடம் கையெழுத்து போடும்?"

"அப்ப இருக்குன்னுதானே அர்த்தம். இருந்தா, ஆட்சேபணை இல்லன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. ரெண்டுல எது கொடுத்தாலும் எனக்குச் சரிதான்." அவர் இதை ஒரு சலுகையாகவே சொன்னார்.

கிளப் இருந்தது. அக்கரை டவுனில், பல் மருத்துவமனைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. தரை முழுக்கப் பச்சை பிளாஸ்டிக் புல். அதில் செருப்போடு நடக்கக் கூடாது என்று ஒரு பலகை. பக்கத்தில் இன்னொரு பலகை: 'மைதானத்தின் இன்றைய நிலை', அதற்குக் கீழே சாக்பீஸில் 'ஈரம்'. செயலாளர் தினமும் காலையில் அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டு அதையே மறுபடி எழுதுவார் என்று பின்னால் தெரிந்தது.

"காலர் இல்லாம உள்ள வரக் கூடாது," என்றார் செயலாளர். மெக்கானிக்கின் பனியனை ஒரு வியாதியைப் பார்ப்பது போலப் பார்த்து, வருகிறவர்களுக்கென்று ஆணியில் தொங்கிய கோட்டை நீட்டினார். அது மெக்கானிக்குக்குத் தோளிலேயே நின்றுவிட்டது.

"போன தடவ வந்தவர் ஒல்லி. பரவால்ல, சொல்லு தம்பி."

"எங்கப்பாவுக்கு ஒரு கக்கூஸ் கட்டணும் சார்."

செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்த வார்த்தை இங்க வேண்டாமே."

"கழிப்பறை சார்."

"அதுவும் வேண்டாம்."

"அப்ப என்னன்னு சொல்றது?"

"சிறு கட்டுமானம்."

மெக்கானிக் சிறு கட்டுமானம் என்றே சொன்னான். ஆட்சேபணை இல்லை என்றோ, கிளப் இல்லை என்றோ, எது வசதியோ அதை எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னான். கீழே யாருக்கோ பல்லைக் குடைந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும் வரை செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"தம்பி, நூத்துப் பதினேழு மெம்பர் இருக்காங்க. நாலு உபகுழு இருக்கு. மைதானம் இல்லாதது ஒரு குறைதான், நான் மறுக்கல. ஆனா மைதானம் இருந்தப்ப என்ன நடந்துச்சு தெரியுமா? புல்லு சரியில்ல, மண்ணு சரியில்ல, அவன் பந்தை நகர்த்திட்டான்னு வாராவாரம் பஞ்சாயத்து. இப்ப எட்டு வருஷமா ஒரே ஒரு புகார் கிடையாது. கிளப் இவ்வளவு நல்லா எந்தக் காலத்துலயும் நடந்ததில்ல. இதைப் போயி இல்லன்னு எழுதித் தரச் சொல்றியே."

"அப்ப ஆட்சேபணை இல்லன்னாவது…"

"அதைத் தலைவர்தான் சொல்லணும். மனுவெல்லாம் அவர் எட்டாவது குழி முடிச்சு ஒன்பதாவதுக்கு நடக்கறப்பதான் கேட்பார். ஆரம்பத்துலேருந்து அப்படித்தான். உட்கார்ந்து மனு கேட்டதா வரலாறே கிடையாது."

"எட்டாவது கடலுக்குள்ள இருக்கே சார்."

"அதான் நானும் யோசிக்கறேன். உன்கிட்ட படகு இருக்குல்ல?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தலைவரும் செயலாளரும் வெள்ளை ஷூவும் வெள்ளைத் தொப்பியுமாக மெக்கானிக்கின் படகில் ஏறினார்கள். எட்டாவது குழி இருந்த இடம் இருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான். அப்பாவைத் தூக்கி வந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, முன்பக்கத்தில் உட்கார வைத்தான் மெக்கானிக்.

"என்னப்பா புல்லு, சௌக்கியமா?" என்றார் தலைவர். இருபத்திரண்டு வருடமும் அவர் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டார். வேறு பெயர் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

செயலாளர் ஓர் இடத்தில் கையைக் காட்ட, அப்பா இல்லையென்று தலையசைத்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் சொல் கொஞ்சம் வழுக்கியது. இடம் வழுக்கவில்லை. "இது ஆறாவது சார். எட்டாவது இன்னும் தள்ளி. அந்தப் பாறை தெரியுதுல்ல, அதுக்கு நேரா."

பாறைக்கு நேராகப் படகு நின்றது. தலைவர் காலை அகட்டி நின்று, படகு ஆடுவது நிற்கட்டும் என்று சற்று நேரம் காத்திருந்து, அது நிற்காது என்று தெரிந்ததும் மட்டையை வீசினார். பந்து ஒரு சின்னச் சத்தத்தோடு தண்ணீருக்குள் போனது.

"அருமை," என்றார் செயலாளர். விதிப்படி பந்து தேட ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் யாரும் பேசக் கூடாது. இருவரும் படகு விளிம்பில் குனிந்து தண்ணீரையே உற்றுப் பார்த்தார்கள்.

மூன்றாவது நிமிடத்தில் அப்பா மகன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "டேய், அவசரம்டா."

மெக்கானிக் அவரை அணைத்துத் தூக்கி விளிம்புப் பக்கம் திருப்பினான். தலைவர் கையை உயர்த்தினார்.

"மைதானத்துல அது கூடாது."

"சார், இது கடல்."

"எட்டாவது குழி," என்றார் தலைவர்.

"விடுடா," என்றார் அப்பா. "இருபத்திரண்டு வருஷம் இங்கதான் அடக்கினேன். இன்னும் பத்து நிமிஷம் அடக்க மாட்டேனா."

அப்போது அடக்க முடிந்தது. இப்போது உடம்பு அவர் சொன்னதைக் கேட்கவில்லை. படகின் பலகையில் அது மெல்லப் பரவி, செயலாளரின் வெள்ளை ஷூ வரை வந்தது. அப்பா பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் ஷூவை நகர்த்திக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எழுதினார்: 'எட்டாவது குழி: ஈரம்.'

மெக்கானிக் இன்ஜினைக் கிளப்பினான். கரை வரும் வழி என்பது எட்டாவதிலிருந்து ஒன்பதாவதுக்குப் போகும் வழி என்பதால், தலைவர் மனுவைக் கேட்டு முடித்து, படகில் எழுந்து நின்றே தீர்ப்பும் சொன்னார்.

"தம்பி, கடல் இந்த கிளப்ல மெம்பர் இல்ல. மெம்பர் இல்லாதவங்க மைதானத்துல இத்தனை வருஷம் தங்க எந்த விதியிலயும் இடமில்ல. அது ஒரு நாள் வெளியேறித்தான் ஆகணும். அதுவரைக்கும் நாங்க பொறுமையா இருக்கோம். எங்களுக்கு மட்டும் கஷ்டம் இல்லையா? எட்டு வருஷமா நான் ஒரு கோப்பை கூட யார்கிட்டேருந்தும் வாங்கல, நானே எனக்குக் கொடுத்துக்கறேன். ஒன்பதாவது குழில சிறு கட்டுமானம்னா, நாளைக்குக் கடல் போனதும் நாங்க எங்க ஆடறது? புல்லுவும் கொஞ்சம் பொறுமையா இருக்கட்டும். அவனுக்கு அது பழக்கம்தானே."

வீட்டில் மனைவி அப்பாவுக்குத் துணி மாற்றிவிட்டு வந்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது. "மண்வெட்டியை எடுங்க," என்றாள். "ஆட்சேபணை இருக்கறவங்க வந்து சொல்லட்டும்."

இரண்டு நாளில் குழி மார்பளவு ஆழமாயிற்று. அப்பா ஜன்னல் வழியே பார்த்து, ஓரம் சரியாக வெட்டவில்லை என்றார்.

மூன்றாம் நாள் ஆட்சேபணை வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. நாடெங்கும் உள்ள கோல்ஃப் கிளப்புகளுக்கு ஒரு சம்மேளனம் உண்டு. ஒரு குழியாவது தரையில் இல்லாத கிளப்பைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது என்று அது தீர்மானித்து, சரிபார்க்க ஒரு பார்வையாளரை அனுப்பியிருந்தது. ஐம்பது வயதுப் பெண்மணி, கையில் டேப், காதில் பென்சில். காகிதத்தில் உள்ளதை நம்புகிறவர்தான், ஆனால் அளந்துவிட்டு நம்புகிறவர். அவருக்குக் கடலையும், கடலின் அழகையும், தன் கண்ணீரையும் காட்டிக் காலத்தைக் கடத்தலாம் என்று எண்ணித்தான் செயலாளர் அழைத்து வந்திருந்தார். ஒன்பதாவது இருக்குமிடத்தைக் காட்டுங்கள் என்று பார்வையாளர் விடாமல் கேட்டதால், வரைபடத்தோடு மெக்கானிக்கின் கொல்லைக்குள் நுழைந்தார்கள்.

செயலாளர் குழியைப் பார்த்தார். குழிக்குள் நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார். எட்டு வருடத்தில் அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை.

"ஒன்பதாவது," என்றார். "பராமரிப்பு வேலை நடக்குது. தம்பி, கொஞ்சம் மேல ஏறு."

பார்வையாளர் டேப்பை நீட்டினார். "குழி நாலேகால் அங்குலம் அகலம் இருக்கணும். இது நாலடி இருக்கே."

"தீவுல காத்து ஜாஸ்தி மேடம். பந்து தள்ளிப் போகும். அதுக்காக."

பார்வையாளர் சற்று யோசித்து, 'அகலம்: தாராளம்' என்று எழுதிக்கொண்டார்.

"மேடம், இது எங்கப்பாவுக்குத் தோண்டின கக்கூஸ் குழி," என்றான் மெக்கானிக்.

"ஊழியர்," என்று விளக்கினார் செயலாளர்.

அந்த வாரக் கடைசியிலேயே, பார்வையாளர் முன்னிலையில் திறப்பு விழா. குழிக்கு நடுவே கொடி நட்டார்கள். கொடிக்கம்பு உயரம் போதாமல், மெக்கானிக் வீட்டுத் துணிக்கயிற்றுக் கம்பைப் பிடுங்கிக் கட்டினார்கள். நூற்றுப் பதினேழு பேரில் இருபது பேர் வந்து சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். தலைவர் பேசினார்: "இந்தக் குழியை நாங்க தோண்டல. தோண்ட நாங்க அனுமதியும் தரல. ஆனாலும் குழி வந்திருக்கு. இதுதான் தலைமைங்கறது." கைதட்டினார்கள். யாரும் குழிக்குள் குப்பை கொட்டவோ, வேறு எதற்கும் பயன்படுத்தவோ கூடாது என்று பலகை வைத்தார்கள். உள்ளே கட்டிலில் இருந்த அப்பாவுக்குப் பொட்டலத்தில் இரண்டு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார்கள்.

மனைவி அதுவரை வாசற்படியில் நின்று அந்த அறுபத்து நான்கு பக்க வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கிளப் ஆட்களே யாரும் அதன் கடைசிப் பக்கங்களுக்குப் போனதில்லை. அங்கே விதிகள் இருந்தன. அவள் நேராகப் பார்வையாளரிடம் போனாள்.

"மேடம், விதி பதினாறுல, 'ஒன்பதாவது குழியிலிருந்து முப்பது எட்டுக்குள் ஆசுவாச அறை அமைந்திருத்தல் வேண்டும்'னு போட்டிருக்கு. ஆசுவாச அறைன்னா என்ன மேடம்?"

"கக்கூஸ்தான்மா," என்றார் பார்வையாளர். இருபது பேர் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

"அது எங்க மேடம் இருக்கு?"

பார்வையாளர் டேப்பை மடக்கிக்கொண்டு செயலாளர் பக்கம் திரும்பினார். "எங்க இருக்கு?"

பதினோரு நாளில், கிளப் செலவிலேயே, கொல்லையில் கட்டி முடித்தார்கள். அனுமதிக்கு எழுத்தர் அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டவர் கிளப், ஆட்சேபணை இல்லை என்றவரும் கிளப். வெள்ளை டைல்ஸ், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, உட்கார வசதியான பீங்கான். அப்பாவின் கட்டிலிலிருந்து கதவு வரை ஒன்பது எட்டு என்று மனைவி எண்ணிவிட்டு வந்து, அன்று பூரா தையல் மெஷினைச் சிரித்துக்கொண்டே மிதித்தாள்.

பன்னிரண்டாம் நாள் செயலாளர் வந்து, கதவுக்குக் கொண்டி அடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டைப் போட்டுப் பூட்டினார்.

"சாவி சார்?"

"ஆபீஸ்ல. மெம்பர் மட்டும் அங்க வந்து ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டு வாங்கிக்கலாம்."

"அக்கரைக்கு ரெண்டு மணி நேரம் சார். அங்க போயி சாவி வாங்கிட்டு இங்க வந்து…"

"திருப்பிக் கொண்டாந்து கொடுக்கணும், மறந்துடாத. அதுவும் மெம்பரா இருந்தா."

"அப்பாவை மெம்பரா சேர்த்துக்கங்க சார். இருபத்திரண்டு வருஷம் உங்ககிட்டதானே இருந்தார்."

"சேர்த்துக்கலாமே. யார் வேண்டாங்கறது? ஒன்பது குழியும் ஒன்பது சுற்று ஆடியிருக்கணும், அவ்வளவுதான். ஆடினதும் மனு கொடு. தலைவர் எட்டாவதுலேருந்து ஒன்பதாவதுக்கு…"

"தெரியும் சார்," என்றான் மெக்கானிக்.

"பூட்டுல மட்டும் கை வைக்காத தம்பி. அது சம்மேளனத்துச் சொத்துப் பதிவேட்டுல ஏறியாச்சு. மாசாமாசம் நானே வந்து பார்ப்பேன். ஒரு கீறல் இருந்தாலும் போலீஸ்தான்."

அவர் படகுத்துறையை அடைவதற்குள் மெக்கானிக் பூட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து கீல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று கீல், கீலுக்கு நாலு திருகு. இன்ஜின் மூடியைக் கழற்றுகிறவனுக்கு அது ஒரு வேலையே அல்ல. பன்னிரண்டு திருகையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டான். பூட்டை அவன் தொடவே இல்லை. கதவு இப்போது பூட்டிலேயே தொங்கிக்கொண்டு, பூட்டையே கீலாக்கி, எதிர்ப்பக்கமாக நன்றாகத் திறந்தது. சரியாக மூடத்தான் முடியவில்லை. அது காற்றுக்கு ஆடாமல் இருக்க ஒரு செங்கல் வைத்தான்.

அப்பா கைப்பிடியைப் பிடித்துத் தானே உட்கார்ந்தார். வாதம் அடித்த பிறகு முதல் தடவையாக, வெளியே போய் நில்லுடா என்று மகனை விரட்டினார்.

மாதக் கடைசியில் செயலாளர் ஆய்வுப் படிவத்தோடு வந்தார். கொல்லை மூலை திரும்பியதும் நின்றார். கதவு விரியத் திறந்திருந்தது. கதவோரத்தில் பூட்டு பூட்டியபடி பளபளவென்று தொங்கியது. உள்ளே அப்பா உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் கிட்டே வந்து பூட்டை மட்டும் உற்றுப் பார்த்தார். கீறல் இல்லை. இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது. சட்டைப்பையைத் தொட்டார். சாவி இருந்தது. மெக்கானிக் இன்ஜின் ஒன்றைத் துடைத்தபடி தூரத்தில் நின்றான். அவன் மனைவி தையல் மெஷினை நிறுத்தியிருந்தாள்.

"சார்," என்றார் அப்பா, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. பார்த்துக்கிட்டு நின்னா எனக்கு வராது."

இருபத்திரண்டு வருடத்தில் அப்பா அவருக்கு இட்ட முதல் உத்தரவு அது. செயலாளர் திரும்பிக்கொண்டார். திரும்பி நின்றபடியே, படிவத்தை முழங்கையில் வைத்து எழுதினார். பூட்டு: நல்ல நிலையில். சாவி: பொறுப்பாளர் வசம். ரெஜிஸ்டரில் கையெழுத்திட்டுப் பயன்படுத்தியோர்: எவருமில்லை. கதவைப் பற்றி ஏதாவது எழுதலாமா என்று படிவத்தின் இரண்டு பக்கத்தையும் தேடினார். அதற்குக் கட்டம் இல்லை.

"முடிச்சாச்சா சார்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இதோ, கையெழுத்துதான் பாக்கி."

"மெதுவா போடுங்க. எனக்கும் கொஞ்ச நேரம் ஆகும்."